தாழ் திறவாத கதவு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வெயில் காயும் சமவெளியில் புறப்படுகிறவன் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறி, மேகத்தின் நடுவே போய் நிற்கிறான். கார்த்திகை மாதத்துக் காலைப் பொழுதென்றால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் மனிதர் தெரியமாட்டார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு காலையில், அங்கே ஒரு தேநீர்க் கடையின் எதிரே, எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த இக்கட்டு ஒன்றைச் சொல்லி இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

வண்டியில் வந்தவர்கள் ஐவர். நான், என் மனைவி, என் தமக்கை, வண்டியை ஓட்டி வந்த தமக்கை மகன், அவனுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தை பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வராமல், சாவியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, கண்ணெதிரே தானே நிற்கப்போகிறோம் என்று பெரியவர்கள் நால்வரும் இறங்கினோம். தமக்கை மகன் தன் பக்கத்துக் கதவைச் சாத்தினான். சாத்திய மறுகணமே நான்கு கதவுகளிலும் 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. நான்கும் தாமாகவே பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே, குழந்தை உள்ளே, நாங்கள் வெளியே.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் மின்னியல் கற்பித்தவன் நான். ஓமின் விதியை எத்தனை கரும்பலகைகளில் எழுதியிருப்பேன்! அந்த நேரத்தில் அந்தப் படிப்பில் ஒரு வரியாவது நினைவுக்கு வரவேண்டுமே! ஒவ்வொரு கைப்பிடியாகப் பிடித்து இழுத்தேன். இழுத்ததையே மறுபடியும் இழுத்தேன். தமக்கை மகன் கண்ணாடியை உடைக்கக் கல் தேடினான். ஆரவாரத்தில் குழந்தை விழித்து, எங்கள் முகங்களைக் கண்ணாடிக்கு வெளியே கண்டு, வீறிட்டு அழத் தொடங்கிவிட்டது.

ஏலத் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஒன்று அங்கே நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வந்தவர் எதையும் தொடவில்லை.

"நாலு கதவும் ஒரே நேரத்திலே பூட்டினதா, ஒன்றன்பின் ஒன்றாகவா, ஐயா?" என்று கேட்டார்.

"ஒரே நேரத்தில்தான்."

"இதற்கு முன்னாலே இந்த மாதிரி ஏதாவது செய்தது உண்டா?"

தமக்கை மகன் சற்றுத் தயங்கினான். ஒரு மாதமாகவே, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து மூடும்பொழுது மற்றக் கதவுகளின் பூட்டுகள் சிலவேளை தாமாக அசைந்ததுண்டு என்றான். எங்களிடம் அவன் சொல்லாத செய்தி அது.

"பின் கதவிலே பிள்ளைப் பூட்டு போட்டிருக்கிறதா, தம்பி?"

"ஆமாம், அண்ணே."

"அப்படியானால் பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. பாப்பாவை முன் இருக்கைக்கு வரச் சொல்லுங்கள். கல்லை அங்கே போடுங்கள், அது கடைசிக்கு."

என் தமக்கை முன் கண்ணாடியருகே போய் முகத்தைக் காட்டிச் சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும். "வா தாயீ, அப்பத்தாவிடம் வா" என்று கை நீட்டினாள். குழந்தை விசும்பிக்கொண்டே இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நுழைந்து முன்னால் வந்தது. "அந்தக் கைப்பிடியை இழு, தாயீ. இன்னொரு தரம் இழு." அந்த வண்டியில் முன் கதவின் உட்கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பூட்டு விடும், மறுமுறை இழுத்தால் கதவு திறக்கும். இரண்டாம் முறை திறந்தது. பனியில் நனைந்த தமக்கையின் தோளில் குழந்தை முகம் புதைத்துக்கொண்டது.

மாணவ நண்பர்களே, அந்த ஓட்டுநர் கேட்ட மூன்று கேள்விகளை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவற்றுள் எதுவும் வீண் கேள்வி அன்று. ஒவ்வொன்றும் பழுது இருக்கக்கூடிய இடங்களில் பாதியை விலக்கிவிட்டது. அது எவ்வாறு என்பதை அறியவேண்டுமானால், கதவுக்குள் இருக்கும் பொறியை முதலில் அறிந்துகொள்ளவேண்டும்.

மின்சாரத்தால் பூட்டும் கதவு நேற்று வந்த புதுமை அன்று. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனத்தார் 1956 ஆம் ஆண்டு வண்டிகளிலேயே இதனை அமைத்துக் காட்டினார்கள். நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பழைய அம்பாசடர் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. நான்கு கதவையும் தனித்தனியே கையால் பூட்டவேண்டும். அவற்றுள் ஒன்றை மறந்துவிட்டுப் போவது எல்லாருக்கும் வழக்கம். இன்று ஒரு கதவைப் பூட்டினால் மற்றவையும் உடன் பூட்டிக்கொள்கின்றன. பட்டறைகளில் இதனை 'சென்ட்ரல் லாக்' என்பார்கள்.

கதவின் ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. வண்டியின் தூணில் பதித்த இரும்பு வளையத்தை அது கவ்விக்கொள்கிறது. கதவை மூடி வைத்திருப்பது இந்தக் கொக்கியே. கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி கொக்கியைத் தளர்த்துகிறது, கதவு திறக்கிறது. பூட்டுவது என்பது வேறு செயல். கைப்பிடிக்கும் கொக்கிக்கும் இடையேயுள்ள தொடர்பை ஒரு சிறு நெம்புகோல் துண்டித்துவிடுகிறது. கைப்பிடி ஆடும்; ஆனால் அந்த அசைவு கொக்கியை எட்டாது. மின்சாரம் செய்யும் வேலை இந்தச் சிறு நெம்புகோலை இரண்டு விரற்கிடை அளவுக்கு இப்படியும் அப்படியும் தள்ளுவது மட்டுமே. ஆகவே 'கதவு திறக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், பூட்டு விடவில்லையா, கொக்கி விடவில்லையா என்று முதலில் தெளிந்துகொள்ளவேண்டும். இரண்டும் வெவ்வேறு நோய். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

நெம்புகோலைத் தள்ளுவதற்கு ஒவ்வொரு கதவிலும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு மோட்டார் உண்டு. அதனுடன் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சில. மோட்டாருக்குச் செல்லும் ஒயர்கள் இரண்டு. மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும். திசை மாறிப் பாய்ந்தால் திறக்கும். அந்தத் திசை மாற்றத்தைச் செய்வது ரிலே. கணப்பொழுது மின்சாரம் கொடுத்துவிட்டு உடனே நிறுத்திவிடுகிறது. வேதாரணியத்துத் திருக்கதவைத் திறக்க அப்பர் பாடினார், அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்பதும், அடைப்பதற்கு முதற்பாட்டே போதுமானதாயிருக்கத் திறப்பதற்கு நெடுநேரம் பாடவேண்டியிருந்தது என்பதும் நீங்கள் கேட்ட வரலாறு. வேடிக்கையாகச் சொல்கிறேன்: கிழட்டு மோட்டாரும் அப்படித்தான். ஒரு பக்கம் எளிதாகத் தள்ளிவிடும். மறுபக்கம் தள்ளும்போது மூச்சு வாங்கும். ஒரு கதவு பூட்டும்பொழுது ஒழுங்காகப் பூட்டி, திறக்கும்பொழுது மட்டும் அடம் பிடித்தால், மோட்டார் தளர்ந்தது அல்லது நெம்புகோலில் அழுக்குச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம்.

இனிப் பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1895 இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. தன் வயலில் நீர் ஏறவில்லை என்று கண்ட உழவர் என்ன செய்கிறார்? மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே தேக்கடி மதகுக்கா ஓடுகிறார்? வரப்பில் நின்று அண்டை வயலைப் பார்க்கிறார். அண்டை வயலில் நீர் இருந்தால், தன் வாய்மடையில்தான் அடைப்பு. வரிசையாக எல்லா வயலும் காய்ந்திருந்தால், வாய்க்காலின் தலைப்பில் கோளாறு. வாய்க்காலின் நடுவே ஓரிடத்தில் நின்று, அங்கே நீர் வருகிறதா என்று பார்த்தால், மேல் பாதியா கீழ்ப் பாதியா என்பது தெரிந்துவிடும். மண்வெட்டிக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

பூட்டுக்கும் அதே கணக்கு. நான்கு கதவும் ஒருங்கே செயலற்றால், நான்கு மோட்டாரும் ஒரே நாளில் இறந்துவிட்டன என்று கருதுவது பேதைமை. நான்குக்கும் பொதுவான ஓரிடத்தில்தான் குறை இருக்கும்: பேட்டரி, ஃபியூஸ், ரிலே, அல்லது பூட்டச் சொல்லும் பொத்தான். ஒரு கதவு மட்டும் வேலை செய்யாவிட்டால் பொதுவானவை எல்லாம் நலம். அந்தக் கதவுக்குள் தேடு. தொலைச் சாவியின் பொத்தானுக்குப் பணியாத பூட்டு, வண்டிக்குள்ளிருக்கும் பொத்தானுக்குப் பணிந்தால், குற்றம் பெரும்பாலும் தொலைச் சாவிக்குள் இருக்கும் நாணய வடிவமான 3 வோல்ட் பேட்டரியின்மேல் விழும். இவ்வாறு ஒவ்வொரு கேள்வியும் பாதியைக் கழிக்குமானால், பதினாறு இடங்களுள் ஒன்றில் ஒளிந்திருக்கும் பழுதை நான்கே கேள்விகளில் பிடித்துவிடலாம். கணக்கு மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது செவிக்கு உரிய வேலை. கதவின்மேல் காதை வைத்துக்கொண்டு மற்றொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லவேண்டும். ஒலியே இல்லையென்றால், மின்சாரம் வரவில்லை அல்லது மோட்டார் முடிந்தது. மெலிந்த ஒலி வந்து நெம்புகோல் பாதி வழியில் நின்றால், மின்னழுத்தம் குறைவு அல்லது பொறி இறுகியிருக்கிறது. மோட்டார் 'விர்'ரென்று சுழல்கிறது, பூட்டு மட்டும் அசையவில்லை என்றால், மின்சாரத்தைக் குறை சொல்வதற்கில்லை. கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கும், இல்லையேல் பற்சக்கரத்தின் பல் உடைந்திருக்கும். கிளிப்பின் விலை அற்பம். அதை அறியாதவன் மோட்டாரையே மாற்றிவிட்டு வருவான்.

ஃபியூஸைப் பற்றி ஒரு சொல். இன்றைய வண்டிகளில் ஃபியூஸ்களுக்கு நிறம் உண்டு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம், 20 ஆம்பியர் மஞ்சள். எரிந்ததற்குப் பதிலாக அதே அளவுள்ளதைத்தான் போடவேண்டும். போட்டதும் மீண்டும் எரிந்தால், எங்கோ ஓர் ஒயர் தோலுரிந்து வண்டியின் உடலைத் தொடுகிறது என்று பொருள். அதைத் தேடாமல், சிகரெட் அட்டையின் ஈயத் தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸ் எரிவதற்குப் பதிலாக ஒயர் எரியும்.

மின்னியல் படிக்கும் மாணவர்கள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கதவுக்குச் செல்லும் ஒயரை மல்டிமீட்டரால் சோதிக்கிறோம். 12 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் கெட்டது என்று முடிவு கட்டுகிறோம். புது மோட்டார் வாங்கிப் பொருத்துகிறோம். அதுவும் ஓடவில்லை! மீட்டர் பொய் சொல்லிற்றா? இல்லை. ஒயருக்குள்ளே பல மெல்லிய செம்பு இழைகள் இருக்கின்றன. வளைந்து வளைந்து எல்லாம் அற்றுப்போய், ஒரே ஓர் இழை எஞ்சியிருக்கிறது. மீட்டர் உறிஞ்சும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அதற்கு ஓர் இழை தாராளம். ஆகவே முழு 12 வோல்ட்டையும் காட்டுகிறது. மோட்டாருக்கோ சில ஆம்பியர்கள் வேண்டும். அவ்வளவும் அந்த ஓரிழையில் பாய முற்படும்பொழுது மின்னழுத்தம் முழுவதும் அங்கேயே விழுந்துவிடுகிறது. கசியும் வாய்க்காலில் ஒரு குடத்தை வைத்தால் நேரம் சென்றாவது நிரம்பும். அதே கசிவை நம்பி வயலில் நாற்று நட முடியுமா? இதனால்தான் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள், மீட்டரைத் தவிர ஒரு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டிய டெஸ்ட் லாம்பையும் பையில் வைத்திருக்கிறார்கள். பல்பு ஓரளவு மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வதால், மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். அல்லது மோட்டாரை இணைத்து, அது ஓட முயலும்பொழுதே மீட்டரைப் பார்க்கவேண்டும். ஓர் எச்சரிக்கை: மஞ்சள் நிற இணைப்புள்ள ஒயர்கள் விபத்தில் விரியும் காற்றுப் பைக்கு உரியவை. அவற்றில் பல்பையோ மீட்டரையோ வைக்கலாகாது. கணிப்பொறிப் பெட்டிக்குச் செல்லும் மெல்லிய ஒயர்களிலும் பல்பு வேண்டாம்.

இழை அறுவது எந்த இடத்தில்? கதவுக்கும் தூணுக்கும் நடுவே, கீலின் பக்கத்தில், மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருக்கும். கதவுக்குள் செல்லும் ஒயர்கள் அனைத்தும் அதன் வழியே செல்கின்றன. கதவு திறக்கும்தோறும் அவை நிமிர்கின்றன; மூடும்தோறும் மடிகின்றன. ஒரு நாளைக்கு இருபது முறை என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 7,300 முறை, பத்தாண்டில் 73,000. ஒரு கம்பியை விரலால் இப்படியும் அப்படியும் வளைத்து ஒடித்த அனுபவம் உங்களுக்கு உண்டு. செம்பு வளைய வளைய இறுகும், இறுகியது முறியும். ஓட்டுநர் பக்கத்துக் கதவே எல்லாவற்றிலும் மிகுதியாகத் திறக்கப்படுவது. ஆதலால் அந்தக் கதவின் உறைக்குள்தான் பெரும்பாலும் முதல் முறிவு நேர்கிறது. பொத்தானை அழுத்திக்கொண்டே கதவை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் வேலை செய்து, மறு கோணத்தில் நின்றுவிட்டால், பழுது அகப்பட்டுவிட்டது.

ஜீப் ஓட்டுநர் கேட்ட இரண்டாம் கேள்வியின் நுட்பம் இதுவே. எங்கள் வண்டி பழையது. அதற்குச் சென்ட்ரல் லாக் பின்னால் பொருத்தப்பட்டது. அவ்வகையில் மற்ற மூன்று கதவுகளுக்கு இரண்டிரண்டு ஒயர்களே. ஓட்டுநர் கதவின் மோட்டாருக்கு ஐந்து. மிகுதியாயுள்ள மூன்றும் ஆணை செல்லும் வழி. அவற்றுள் ஒன்று வண்டியின் இரும்பு உடலோடு தொடர்பு கொண்டால், 'எல்லாக் கதவையும் பூட்டு' என்பது கட்டளை. உறைக்குள் அந்த ஒயரின் தோல் தேய்ந்து செம்பு வெளிப்பட்டிருந்தது. கதவைச் சாத்தியபொழுது அது தூணின் இரும்பைத் தொட்டது. யாரும் பூட்டச் சொல்லவில்லை. பொறி மட்டும் ஆணை வந்ததாகவே எண்ணிக்கொண்டது. ஆணை செல்லும் ஒயராதலால் ஃபியூஸ் எரியவில்லை. மின்சாரம் வரும் ஒயர் இவ்வாறு தேய்ந்திருந்தால், ஃபியூஸ் எரிந்து எல்லாப் பூட்டும் ஊமையாகியிருக்கும். எங்களுக்கு அதுவே நன்மையாய் முடிந்திருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கின் பருவங்களும் பூட்டுகளுக்குப் பகை. ஆனி ஆடியில் மேற்குத் தொடரின் கணவாய்களைத் தாண்டி வரும் காற்று, தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவது நமக்குப் பெருமை. அதே காற்று புழுதியைக் கண்ணாடி இடுக்கின் வழியே கதவுக்குள் கொட்டுகிறது. பூட்டு இறுகிற்று என்று என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள், அந்தப் புழுதியைக் களியாகப் பிசைந்துகொடுக்கிறார்கள். சாவித் துளைக்குக் கிராஃபைட் தூளும், கொக்கிக்கு மெல்லிய கிரீஸும் போதும். மலைமேல் குளிர்ந்த இரும்பு, கீழே இறங்கி வெப்பக் காற்றைச் சந்திக்கும்பொழுது வியர்க்கிறது. அந்த ஈரமும் மழை நீரும் வடிவதற்கென்றே கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். புழுதியும் சருகும் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவு குளமாகிறது. மோட்டார் அதில் நீராடுகிறது. ஒரு தீக்குச்சியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுவது ஆண்டுக்கு இரண்டு முறை செய்யத்தக்க வேலை. கதவின் உட்பலகையைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பயனற்றதென்று அதைக் கிழித்து எறிகிறவர்கள் உண்டு. மழை நீர் உள்ளே வராமல் காப்பது அந்தத் தாள்தான், திரும்ப ஒட்டிவிடவேண்டும்.

எங்கள் குழந்தை சிக்கிக்கொண்டது பனியின் குளிரில். அதே நிகழ்ச்சி சித்திரை வெயிலில், சின்னமனூர்க் கடைத்தெருவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிறுத்திய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் பத்துப் பாகை அளவுக்கு ஏறிவிடக்கூடும். சிறு குழந்தையின் உடல், பெரியவர் உடலைக் காட்டிலும் விரைவாகச் சூடேறும். 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்கு அருகே, நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள், வெளியே வர இயலாமல் மூச்சுத் திணறி மாண்டனர். அந்தச் செய்தியைப் படித்த அன்று போடிமெட்டில் நான் கைப்பிடிகளை இழுத்துக்கொண்டு நின்ற நிலை என் கண்முன் வந்தது. இரவு உணவு இறங்கவில்லை.

ஆகவே வெயிலில் குழந்தை சிக்கிக்கொண்டால், பழுதை ஆராயும் வேளை அதுவன்று. மாற்றுச் சாவி பக்கத்தில் இல்லையா, குழந்தைக்குத் திறக்கத் தெரியவில்லையா, கண்ணாடியை உடைத்துவிடவேண்டியதுதான். முன் கண்ணாடியில் கல்லை எறிந்து பயனில்லை. அது இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே ஒரு சவ்வை வைத்து ஒட்டியது. விரிசல் விடுமேயன்றி வழி விடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தியது. கூரிய பொருளால் மூலையில் குத்தினால் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். குழந்தைக்குத் தொலைவிலுள்ள கண்ணாடியை உடைக்கவேண்டும்.

நீரில் சிக்கும் காருக்கு வேறு கணக்கு உண்டு. 2024 செப்டம்பரில் வடக்கே ஃபரிதாபாத் நகரில், ரயில் பாலத்தின் கீழ் தேங்கிய மழை நீரில் கார் மூழ்கி வங்கி ஊழியர் இருவர் உயிரிழந்தனர். நம் பள்ளத்தாக்கிலும் ஐப்பசி மழையில் ஓடைகள் சாலையைக் கடந்து ஓடுகின்றன. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின்மேல், வெளியே அரை மீட்டர் உயரம் நீர் நின்றால், அது கதவை அழுத்தும் விசை ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமம். பூட்டு விட்டாலும் கதவு விடாது. பேட்டரி உயிரோடு இருக்கும்பொழுதே சன்னல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அதன் வழியே வெளியேறவேண்டும்.

மின்சாரம் அற்றுப்போனாலும் கையால் திறக்கும் வழி ஒன்று சென்ட்ரல் லாக்குள்ள புதிய கார்களில் இருந்தாகவேண்டும் என்பது, 2019 ஜூலை முதல் நம் நாட்டில் விதி. ஆனால் அந்த வழி வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. சிலவற்றில் உட்கைப்பிடியை இரண்டு முறை இழுத்தால் போதும். சிலவற்றில் கைப்பிடிக்கு அருகே உள்ள சிறு நெம்பை முதலில் நகர்த்தவேண்டும். தொலைச் சாவிக்குள் சாதாரணச் சாவி ஒன்று மறைந்திருப்பதையும், ஓட்டுநர் கதவின் சாவித் துளையை ஒரு மூடி மறைத்திருப்பதையும் அறியாமலே வண்டி ஓட்டுகிறவர்கள் பலர். இன்று மாலை உங்கள் வீட்டு வண்டியில் தம்பி தங்கையரை உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒருமுறை திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

போடிமெட்டுக்குத் திரும்புகிறேன். குழந்தை இறங்கிய பிறகு அந்த ஓட்டுநர் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ரப்பர் உறையை விரலால் நெம்பி நகர்த்தினார். உள்ளே தேய்ந்த ஒயரின் செம்பு பளிச்சிட்டது. அதன்மேல் டேப்பைச் சுற்றினார். அத்தோடு நின்றுவிடுவார் என்று எண்ணினேன். அவரோ ஃபியூஸ் பெட்டியைத் திறந்து சென்ட்ரல் லாக்கின் ஃபியூஸையே பிடுங்கித் தமக்கை மகனின் உள்ளங்கையில் வைத்தார். "ஒயரை மாற்றுகிறவரை கையாலே பூட்டிக்கொள்ளுங்கள், தம்பி. டேப் எத்தனை நாளைக்கு?" என்றார். பணம் கொடுக்கப் போனேன். தேநீருக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார். அதுவும் அவருடைய தேநீருக்கு அன்று, ஜீப்பில் குளிரில் காத்திருந்த பெண்களின் தேநீருக்கு.

கீழே இறங்கி நாங்கள் முதலில் போன பட்டறையில், நான்கு மோட்டார்களையும் மாற்றவேண்டும் என்று ஒரு பெருந்தொகை சொன்னார்கள். மோட்டார்கள் நான்கும் ஒரே நேரத்தில் ஒலித்ததை நாங்கள் கேட்டிருந்தோம். ஆகவே அவற்றுக்கு நோய் இல்லை என்று சொல்லித் திரும்பிவிட்டோம். வேறொரு பட்டறையில் உறைக்குள் செல்லும் ஐந்து ஒயர்களை மட்டும், மெல்லிய இழைகள் மிகுதியாயுள்ள ஒயராகப் பார்த்து, சற்று நீளம் விட்டு மாற்றிக் கொடுத்தார்கள். அரை நாளில் வேலை முடிந்தது.

அந்தக் குழந்தை இப்பொழுது பள்ளிக்குச் செல்கிறாள். வண்டி நின்றதும் முன் கதவின் கைப்பிடியை இன்றும் இரண்டு முறைதான் இழுக்கிறாள். கதவு பூட்டியிருக்கவில்லை, ஒரு முறை இழுத்தால் போதும் என்று சொன்னாலும் கேட்பதில்லை.